பெஞ்ச் பிரஸ்ஸும் வலிக்கும் மணிக்கட்டும்

கேள்வி: எனக்கு 26 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஒன்பது மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து, பார் என்கிற எடைக் கம்பியை நெஞ்சுக்கு மேல் தூக்குவது) வெறும் பாரில் தொடங்கி 65 கிலோ வரை வந்துவிட்டேன். இரண்டு மாதமாக பெஞ்ச் போடும்போது இரண்டு மணிக்கட்டிலும் பின்பக்கம் வலிக்கிறது, வலது கையில் அதிகம். தண்டால் எடுக்கவே முடியவில்லை. நேர் பாரில் கர்ல் (முழங்கையை மடக்கித் தூக்குவது) போட்டால் சுண்டுவிரல் பக்கம் சுருக்கென்று குத்துகிறது. மாஸ்டர் "பழகப் பழக சரியாயிடும்" என்கிறார். அம்மா ஜிம்மையே விடச் சொல்கிறார். எனக்கு மணிக்கட்டு ரொம்ப மெலிசு. இந்தக் கைக்கு வெயிட் தூக்குவது ஒத்துவராதா? ரிஸ்ட் ரேப் (மணிக்கட்டில் சுற்றும் பட்டை) வாங்கலாமா? ஜிம் போகும் நாளில் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை ஒன்று போட்டுக்கொள்கிறேன், அது தப்பா? (மூன்று மாதம் முன்னால் பைக் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டார்கள். பத்து நாளில் வீக்கம் வற்றிவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கடைசியில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அது மட்டும்தான். மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியது. இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அவற்றில் கட்டைவிரல் பக்கம் இருப்பதற்கு ஸ்காஃபாய்டு என்று பெயர். உள்ளங்கையை ஊன்றி விழும் இளைஞர்களுக்கு அந்த எட்டில் அதிகம் உடைவது இதுதான். உடைந்தால் கை கோணிக்கொள்ளாது, பெரிதாக வீங்காமலும் போகலாம், விரல்களை அசைக்கவும் முடியும். அதனால் பலரும் வெறும் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்துதான் உள்ளே போகிறது. நடுவில் விரிசல் விட்டால் முன்கைப் பக்கம் இருக்கும் துண்டுக்கு ரத்தம் குறைந்துவிடும். எலும்பு சேராமலே நின்றுவிடலாம். அப்படியே விட்டு வருடக்கணக்கில் அதன்மேல் பாரம் ஏற்றினால், இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்துவிடும்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். வலது கட்டைவிரலை நன்றாக மேல்நோக்கி விரியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, கயிறு போல எழும்பும் இரண்டு தடிப்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழியை மறு கை விரலால் அழுத்துங்கள். பிறகு இடது கையிலும் அதே இடத்தை அழுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். வலது பக்கம் மட்டும் வலித்தால் சந்தேகம் வலுக்கிறது. வலிக்காவிட்டாலும் உங்களுக்கு எக்ஸ்ரே தேவை. விழுந்து வீங்கிய கையில் மாதக்கணக்கில் வலி இருக்கிறது என்பதே அதற்குப் போதுமான காரணம். எலும்பு உடையாமல், அந்தச் சின்ன எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார் கிழிந்திருந்தாலும் நீங்கள் சொல்லும் இதே வலிதான் வரும்.

கட்டுப் போட்டவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீக்கம் வற்றியதை வைத்து எலும்பு சேர்ந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையின் ஆர்த்தோ ஓ.பி.க்குப் போங்கள். விழுந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். "ஸ்காஃபாய்டு தெரிகிற மாதிரி எக்ஸ்ரே வேண்டும்" என்று கேட்பதில் தவறே இல்லை, அதற்கென்று கையைச் சாய்த்து எடுக்கும் கோணம் இருக்கிறது. விழுந்த புதிதில் எடுக்கும் படத்தில் இந்த விரிசல் தெரியாமலே போகலாம், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது அதனால்தான். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் உடைப்பு இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தேகம் மிச்சமிருந்தால் டாக்டர் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. சொல்வார். உடைந்துதான் இருக்கிறது என்றாலும் மனம் தளர வேண்டாம். திருகாணி வைத்துச் சேர்க்கிறார்கள், தேவைப்பட்டால் எலும்பு ஒட்டு வைக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

முடிவு தெரியும்வரை வலது கையால் பெஞ்ச், தண்டால், கர்ல் எதுவும் வேண்டாம். தோளில் பார் வைக்கும் ஸ்குவாட்டும் வேண்டாம், அதிலும் மணிக்கட்டு மடங்கும். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், வயிற்றுப் பயிற்சிகள் செய்யலாம். இடது கைக்கு மட்டும் வலி தராத டம்பெல் பயிற்சிகளும் செய்யலாம். ஒரு பக்கக் கையைப் பயிற்சியில் வைத்திருந்தால், ஓய்வில் இருக்கும் மறு கையின் பலமும் அவ்வளவாகக் குறையாது. நரம்பு மண்டலம் அப்படி வேலை செய்கிறது. கட்டுப் போட்ட நோயாளிகளுக்கே நாங்கள் இதைச் சொல்லித்தருவோம்.

சரி, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

வலி வலது கையில் அதிகம் என்றாலும் இரண்டிலும் இருக்கிறது என்கிறீர்கள். இடது கை விழவில்லையே. அப்படியானால் இரண்டு கைகளுக்கும் பொதுவான காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். பெஞ்ச் பிரஸ்ஸில் அது பார் உள்ளங்கையில் எங்கே உட்கார்கிறது என்பதுதான். உங்களை நேரில் பார்க்காமலே இதை ஓரளவு தைரியமாகச் சொல்கிறேன். மணிக்கட்டுப் பின்பக்க வலியோடு வருகிற புதியவர்களைப் பார் பிடித்துக் காட்டச் சொன்னால், பெரும்பாலானவர்கள் அதை விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எடை ஏறியதும் பார் கையைப் பின்னால் சாய்க்கும். மணிக்கட்டு மடங்கும். பின்பக்கத்தில் எலும்போடு எலும்பு நெருங்கி, நடுவில் இருக்கும் மெல்லிய சவ்வு நசுங்கும். தண்டாலிலும் அதே மடக்கு என்பதால் அதிலும் அதே இடம் வலிக்கிறது.

65 கிலோ என்றால் கை ஒன்றுக்கு முப்பத்திச் சொச்சம் கிலோ. அந்தப் பாரம் முன்கை எலும்புக்கு நேர் மேலே இருந்தால் எலும்பே அதைத் தாங்கும், மணிக்கட்டுக்குப் பெரிய வேலை இல்லை. நாலைந்து சென்டிமீட்டர் பின்னால் தள்ளி இருந்தால், அதே முப்பது கிலோ ஒவ்வொரு ரெப்பிலும், அதாவது ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கும்போதும், மணிக்கட்டை நெம்பும். நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குடம் ஒன்றுதான், தூரம்தான் வேறு.

பிடியை மாற்றும் விதத்தைச் சொல்கிறேன். பெஞ்சில் படுத்து, வெறும் பாரைப் பிடிக்கப் போகும்போது இரண்டு கைகளையும் லேசாக உள்பக்கம் திருப்புங்கள், ஆள்காட்டி விரல்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிற அளவுக்கு. இப்போது பார் உள்ளங்கையில் நேர்குறுக்காகப் போகாமல் சாய்வாகப் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே தொடங்கி, சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடிமேட்டில் முடியும். அந்த அடிமேட்டில்தான் பாரம் உட்கார வேண்டும். கட்டைவிரலைக் கட்டாயம் சுற்றிப் பிடியுங்கள். கட்டைவிரலைச் சுற்றாமல் பிடித்தால் மணிக்கட்டுக்குச் சுகமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பார் நழுவினால் கழுத்திலோ நெஞ்சிலோதான் விழும். அந்தப் பிடியை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன்.

மணிக்கட்டைக் கம்பி மாதிரி நேராக வைக்க வேண்டும் என்று அவசியமில்லை. லேசான பின்சாய்வு இயல்பானது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பார், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நண்பரிடம் போனைக் கொடுத்து ஒரு முறை பக்கத்திலிருந்தும் ஒரு முறை கால்பக்கத்திலிருந்தும் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கால்பக்க வீடியோவில், பார் நெஞ்சைத் தொடும்போது முன்கை நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கை மிக அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால் முன்கை சாயும், அந்தச் சாய்வையும் மணிக்கட்டுதான் தாங்க வேண்டியிருக்கும். இன்னொரு சின்ன உபாயம்: கையில் சாக்பீஸ் பொடி தடவிக்கொண்டு ஒரு செட் போடுங்கள். பொடி அழிந்த கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், பார் எங்கே உட்கார்ந்தது என்று கையே சொல்லிவிடும்.

புதிய பிடி முதல் வாரம் அந்நியமாக இருக்கும். பார் கையை விட்டுப் போகிற மாதிரி தோன்றும். அதனால் வெறும் பாரிலும் 30 கிலோவிலும் நிறைய ரெப்ஸ் போட்டுப் பழகுங்கள். மாஸ்டர் சொன்ன "பழகினால் சரியாகும்" என்பது உள்ளங்கைத் தோலுக்கும் மறுநாள் வரும் தசைவலிக்கும் பொருந்தும். மூட்டு வலிக்குப் பொருந்தாது. அவரிடம் சண்டை போட வேண்டாம், வீடியோவைக் காட்டிக் கேளுங்கள். நல்ல மாஸ்டராக இருந்தால் அவரே திருத்துவார்.

கர்லில் சுண்டுவிரல் பக்கம் குத்துவது வேறு கதை. அந்தப் பக்கம் எலும்புகளுக்கு நடுவே முக்கோண வடிவில் ஒரு குருத்தெலும்பு மெத்தை இருக்கிறது. நேர் பார் உள்ளங்கைகள் முழுவதும் மேல்நோக்கித் திரும்பி நிற்கக் கட்டாயப்படுத்துகிறது. நம்மில் பலருக்கு முழங்கை அமைப்பு அதற்கு இடம் கொடுக்காது, மிச்சத் திருகலை மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும். நேர் பாரை விட்டுவிடுங்கள். பிடிக்கும் இடம் வளைந்து நெளிந்திருக்கும் இசட் பார் எடுங்கள், இல்லையென்றால் டம்பெல்லில் கட்டைவிரல் மேலே இருக்கும்படி ஹேமர் கர்ல் போடுங்கள். கைத்தசை இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஈரத்துணி பிழியும்போதும், சாவி திருகும்போதும், நாற்காலியில் கை ஊன்றி எழும்போதும் அதே இடம் வலித்தாலோ, வலியோடு சொடக்குச் சத்தம் கேட்டாலோ, அதையும் ஆர்த்தோ டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த மெத்தை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். வலி இல்லாத வெறும் சொடக்குக்குக் கவலை வேண்டாம். தண்டாலை முஷ்டி மடக்கியோ, தரையில் உருளாத டம்பெல் இரண்டைப் பிடித்துக்கொண்டோ எடுங்கள், மணிக்கட்டு நேராகவே இருக்கும்.

மெலிந்த மணிக்கட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியை வெட்கத்தோடு கேட்பவர்கள் நிறையப் பேர், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மணிக்கட்டில் தசை கிடையாது என்றே சொல்லலாம். அங்கே இருப்பது எலும்பு, தசைநார், தோல். அதை அசைக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. எனவே சுற்றளவு உங்கள் எலும்பின் அகலத்தைத்தான் காட்டுகிறது, பலத்தைக் காட்டுவதில்லை. பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு அப்போது 49 கிலோ பிரிவில் இருந்தார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியப் போட்டியில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (பாரைத் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேல் உயர்த்துவது) 119 கிலோ தூக்கி உலக சாதனை செய்தார். தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தச் சிறிய மணிக்கட்டுகள்தான் அதைத் தலைக்கு மேல் தாங்கின. அதே மீராபாய் 2022 டிசம்பரில் பொகோட்டா உலகப் போட்டியில், மணிக்கட்டுக் காயத்தோடு இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து மொத்தம் 200 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். இதைக் கேட்டுவிட்டு வலியோடு தூக்குவது வீரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு முன்னால் உலகப் பதக்கம் இருந்தது, பக்கத்தில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். உங்களுக்கு முன்னால் இருப்பது அடுத்த திங்கட்கிழமை பெஞ்ச். அது எங்கும் போய்விடாது.

அப்படியானால் எந்த வலியோடு பயிற்சி செய்யலாம், எதோடு கூடாது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடுங்கள். செட்டின்போது மூன்று வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் எடையைக் குறையுங்கள். மறுநாள் காலையில் வலி முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. மறுநாள் கூடினால், ஜிம்மில் எவ்வளவு சுலபமாக இருந்திருந்தாலும் அது உங்களுக்கு அதிகம். இந்த மறுநாள் கணக்கைத்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புகிறேன். இதன்படி முதல் இரண்டு வாரம் பெஞ்சை 30, 35 கிலோவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள்: முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், ஆனால் அதே பிடியோடு திரும்பிப் போனால் அதே வலி திரும்ப வரும்.

கூடவே முன்கைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் வேலை கொடுங்கள். மேஜைமேல் முன்கையை வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு கிலோ டம்பெல்லை மேலே தூக்கி, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். 15 ரெப்ஸ், மூன்று செட். பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி அதே மாதிரி. அப்புறம் வீட்டில் இருக்கும் சுத்தியல். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, சுத்தியலைக் கைப்பிடியில் பிடித்து, மெதுவாக உள்ளேயும் வெளியேயும் சாய்த்துத் திருப்புங்கள். கனமாக இருந்தால் தலைப்பக்கம் நெருங்கிப் பிடியுங்கள், பழகப் பழகக் கீழே இறங்குங்கள். சுண்டுவிரல் பக்க வலிக்கு இந்தத் திருப்பல் நல்ல பலன் தரும், ஆனால் குத்துகிற கோணத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பொறுமையாகச் செய்யுங்கள். தசை சீக்கிரம் பலமாகிவிடும், தசைநாரும் மூட்டும் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். ஒன்பது மாதத்தில் உங்கள் நெஞ்சு 65 கிலோவுக்குத் தயாரானது, மணிக்கட்டு தயாராகவில்லை.

வேலை நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கணினியில் கணக்கு. கீபோர்டின் பின்பக்கக் கால்களை விரித்து வைத்திருந்தால் மடக்கிவிடுங்கள், கீபோர்டு சரிவாக நின்றால் மணிக்கட்டு எட்டு மணி நேரமும் பின்னால் மடங்கியே இருக்கும். பைக்கில் ஆக்சிலரேட்டரை மணிக்கட்டைத் தொங்கவிட்டு முறுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

ரிஸ்ட் ரேப் வாங்கலாம், ஆனால் பிடி திருந்திய பிறகு. இப்போது வாங்கினால் மடங்கிய கையை அது தாங்கிப் பிடிக்கும், வலி குறையும், தப்பு அப்படியே நிற்கும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். பாரை இழுப்பதற்காகக் கம்பியில் சுற்றும் ஸ்ட்ராப் வேறு, வியர்வை துடைக்கும் பேண்ட் வேறு. ரேப் மணிக்கட்டு மூட்டை மூடி நிற்க வேண்டும், பாதி உள்ளங்கை அடிமேட்டிலும் பாதி முன்கையிலும். பலர் வாட்ச் கட்டும் இடத்தில் கட்டிக்கொள்கிறார்கள், அங்கே கட்டினால் எதையும் தாங்காது. கடைசி ஒன்றிரண்டு கனமான செட்டுக்கு மட்டும் இறுக்குங்கள், செட் முடிந்ததும் தளர்த்துங்கள்.

மாத்திரைக்கு என் பதில், இன்றே நிறுத்துங்கள் என்பதுதான். வலி உங்களுக்கு எல்லை காட்டுகிறது, அதை அணைத்துவிட்டு 65 கிலோவின் கீழே படுப்பது ஆபத்து. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் பாதிக்கலாம். வியர்த்து நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அந்த ஆபத்து கூடும். எவ்வளவு நாளாகப் போடுகிறீர்கள் என்பதை ஆர்த்தோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விரல்களில் மரத்துப்போதல், இரவில் தூக்கம் கலைக்கும் குடைச்சல், பொருள் கைநழுவுதல், மணிக்கட்டில் புதிதாக வீக்கமோ கட்டியோ, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் அது ஒரு நரம்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் வேறொரு நரம்பு. எந்த விரல் என்று குறித்துவைத்துக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபமாகும்.

எடையை மறுபடி ஏற்றும்போது ஒரு விஷயம். நம் ஊர் ஜிம்களில் பெரும்பாலும் சின்ன பிளேட் கைக்குக் கிடைக்காது. ஐந்து கிலோ பிளேட்டை இரண்டு பக்கமும் போட்டு ஒரே நாளில் பத்து கிலோ ஏற்றிவிடுகிறார்கள். உங்களுக்கு இது மணிக்கட்டுக்கு ஆகாது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் வாரத்துக்கு இரண்டரை கிலோ ஏற்றலாம், மறுநாள் காலைக் கணக்கு சரியாக இருக்கும் வாரங்களில் மட்டும். அந்த ஜோடியை வாங்கி வைக்கச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். உங்களோடு சேர்ந்த மற்ற பையன்களுக்கும் அது உதவும்.